டயாலிசிஸ் நாளும் டே ஆர்டரும்: குழந்தை, நோயாளி, வேலை மூன்றும் உள்ள ஒரு கல்லூரி மாணவிக்கு வழிகாட்டியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் வட்டாரத்தில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி. அதன் வணிகவியல் துறை, உள்ளூரில் கணக்கு வேலையில் இருப்பவர்களை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வழிகாட்டிகளாகச் சேர்த்துவிடுகிறது. ஒரு மாணவருக்கு ஒரு வழிகாட்டி, காலம் ஒரு கல்வியாண்டு. வாரம் ஒரு மணி நேரம் சந்திக்க வேண்டும், வேலை எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும், முடிந்தால் பயிற்சி வேலைக்குப் பரிந்துரைக்க வேண்டும். ஏற்பாடு இவ்வளவுதான். 2024–25 கல்வியாண்டில் அதில் சேர்ந்த ஒரு மாணவியின் நிகழ்வு இங்கே பதிவாகிறது. யாரென்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

மாணவிக்கு வயது 22. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, திருமணமாகி, கைக்குழந்தையோடு பி.காம். சேர்ந்தவர். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரி முதல் ஷிப்ட், காலை 8.45 முதல் 1.15 வரை. பிறகு 2.30 முதல் 7.30 வரை ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் (பிற நிறுவனங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் இடம்) சரக்கோடு போகும் டெலிவரி சலான் எழுதி, பீஸ் கணக்கைச் சரிபார்க்கும் வேலை. சனிக்கிழமையும் உண்டு. மாதச் சம்பளம் 7,500 ரூபாய். கணவர் தூத்துக்குடி துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். லோடு எப்போது என்பது முந்தைய நாள்தான் தெரியும், வாரத்தில் மூன்று நான்கு இரவு வீட்டில் இருக்க மாட்டார். மாமியாருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, அரசு மருத்துவமனையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நேரம் காலை 11 முதல் மதியம் 3 வரை. குழந்தைக்கு அப்போது 20 மாதம்.

வழிகாட்டி ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர். வேலையில் நீண்ட அனுபவம் உள்ளவர், பெண்.

முதல் ஆறு வாரங்கள்: என்ன தெரிந்தது

சந்திப்புக்குச் சனிக்கிழமை மாலை 5 மணி என்று முடிவாகியிருந்தது. வழிகாட்டிக்கு வசதியான நேரம் அது. மாணவிக்கு வேலை நேரத்தின் நடுப்பகுதி. ஆனாலும் அவர் மறுக்கவில்லை. முதல் சந்திப்புக்கு வந்தார், அடுத்த மூன்றுக்கு வரவில்லை. "இந்த வாரம் முடியலைங்க மேடம், மன்னிச்சுக்கோங்க" என்று ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. வழிகாட்டி துறைக்கு எழுதிய குறிப்பில் "ஆர்வம் குறைவு, வேறு மாணவரை ஒதுக்கலாம்" என்று இருந்தது. இதுபோன்ற நிகழ்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிந்துபோகின்றன. வராதவருக்கு ஆர்வமில்லை என்ற முடிவு எல்லோருக்கும் எளிது.

துறை ஒருங்கிணைப்பாளர் ஆளை மாற்றுவதற்கு முன் இரண்டு ஆவணங்களை எடுத்துப் பார்த்தார்: அட்டெண்டன்ஸ் பதிவேடும், மாணவி சேரும்போது நிரப்பிய படிவமும்.

பதிவேட்டின்படி செமஸ்டரின் 90 வேலை நாளில் 45 முடிந்திருந்தது. மாணவி வந்தது 27 நாள், அதாவது 60 சதவீதம். இந்தக் கல்லூரிக்குப் பொருந்தும் விதியில் 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 75க்குள் இருந்தால் கட்டணம் கட்டி கண்டொனேஷன், அதாவது குறைவை மன்னித்துத் தேர்வெழுத அனுமதி, வாங்க வேண்டும். 50 முதல் 65க்குள் என்றால் இந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது, அடுத்த முறைதான். 50க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். (இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறும், அவரவர் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.) 75ஐத் தொட மொத்தம் 68 நாள் வேண்டும். மீதியுள்ள 45 நாளில் 41 நாள் வந்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள். 65ஐத் தொட 59 நாள், அதற்கு 32 நாள் போதும். இந்தக் கணக்கை அதுவரை யாரும் மாணவிக்குப் போட்டுக் காட்டியிருக்கவில்லை. கொஞ்சம் குறைவாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

குறைவு வெளியே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் டே ஆர்டர், அதாவது கிழமைப்படி இல்லாமல் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிட்டுச் சுழலும் பாட அட்டவணை. வாரத்துக்கு வகுப்பு ஐந்து நாள், டே ஆர்டரோ ஆறு. எனவே திங்கள், புதன், வெள்ளி விடுப்பு எடுத்தாலும் ஒரே பாடம் தொடர்ந்து விடுபடாது. இந்த வாரம் கார்ப்பரேட் கணக்கியல் போனால் அடுத்த வாரம் வணிகப் புள்ளியியல் போகும். எந்த ஆசிரியரின் ஏட்டிலும் அவர் மோசமாகத் தெரியவில்லை. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

படிவத்தில் இருந்தது இன்னும் முக்கியமானது. இரண்டாம் பக்கத்தில் "குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்: மாமியார்." நான்காம் பக்கத்தில் "குடும்பத்தில் நோயாளி உண்டா? உண்டு, மாமியார். கவனிப்பவர்: நான்." தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே சாதாரணப் பதில். சேர்த்துப் படித்தால், டயாலிசிஸ் உள்ள மூன்று நாளும் நோயாளியைக் கூட்டிப்போக ஆள் இல்லை, குழந்தையைப் பார்க்கவும் ஆள் இல்லை. மற்ற நாள்களில் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் பத்து கிலோ எடையுள்ள குழந்தையைத் தூக்குகிறார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது, அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதோ ஊசி போடுவதோ கூடாது. டயாலிசிஸ் பிரிவில் முதல் நாளே சொல்லி அனுப்புவது இது. வீட்டில் வேறு வழி இல்லாததால் அது மீறப்பட்டுக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒருங்கிணைப்பாளரும் வழிகாட்டியும் மாணவியும் ஒரு மதிய வேளையில் துறை அறையில் உட்கார்ந்தார்கள். குழந்தையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஒரு முழுத்தாளில் ஏழு நாளுக்கும் காலை 5 முதல் இரவு 10 வரை மணிவாரியாகக் கட்டம் போட்டு, மாணவி எங்கே இருக்கிறார், குழந்தை யாரிடம், மாமியார் யாரோடு என்று மூன்று வரிசை நிரப்பினார்கள். திங்கள், புதன், வெள்ளி காலை 10.15 முதல் 3.30 வரை மூன்று வரிசையிலும் ஒரே பெயர்தான் இருந்தது. அதன் பிறகு ஊக்கம், இலக்கு, தன்னம்பிக்கை என்று யாரும் பேசவில்லை. எந்த மணியை யாரிடம் கேட்டு நகர்த்தலாம் என்பதே பேச்சாக இருந்தது.

முதலில் டயாலிசிஸ் நேரம். அந்த மருத்துவமனையில் மூன்று ஷிப்ட்: காலை 6 முதல் 10, 11 முதல் 3, மாலை 4 முதல் 8. மாலை ஷிப்ட் கல்லூரிக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரமும் குழந்தைக்கு ஆள் வேண்டும், வேலையும் முழுதாகப் போகும். காலை ஷிப்ட் என்றால் 5.30க்குப் புறப்பட வேண்டும், திரும்பும் 10.15க்கு மாணவி வகுப்பில் இருப்பார். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வருவது சகஜம், தனியாக அனுப்ப முடியாது. இருந்தும் காலை ஷிப்ட்டே தேர்வானது. அதே ஷிப்ட்டில் பக்கத்துத் தெரு நோயாளி ஒருவர் இருப்பதாக டயாலிசிஸ் டெக்னீஷியன் சொன்னதுதான் காரணம். அவருடைய மகனுக்கு அதிகாலை வேலை, பத்து மணிக்கு மேல் ஓய்வு. போகும்போது இரண்டு நோயாளிகளையும் மாணவி கூட்டிச் செல்வது, திரும்பும்போது அந்த மகன் கூட்டி வருவது என்று இரண்டு குடும்பமும் பேசி முடித்தன. அதிகாலைப் பயணத்துக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் ஒத்துவரவில்லை, ஆட்டோதான். அந்தச் செலவும் இரண்டாகப் பிரிந்தது.

ஷிப்ட் மாற்றத்தை வாயால் கேட்டபோது "இடம் காலியானால் பார்க்கலாம்" என்றுதான் பதில் வந்தது. பிறகு கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைடு சர்டிபிகேட், துறைத்தலைவர் கையெழுத்திட்ட வகுப்பு நேர அட்டவணை, ஒரு பக்க விண்ணப்பம் ஆகிய மூன்றையும் சேர்த்து மருத்துவ அலுவலரிடம் கொடுத்தார்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறியது. இடம் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதுவரை திங்கள்கிழமைகளில் நாத்தனாரும், ஊரில் இருந்த வெள்ளிக்கிழமைகளில் கணவரும் பொறுப்பெடுத்தார்கள்.

அடுத்தது குழந்தை. அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கு இரண்டு வயது முடிய வேண்டும், அதற்கு நான்கு மாதம் இருந்தது. வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கேட்க வழியில்லை. 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு நலச் சட்டம் 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. இந்த யூனிட்டில் அதில் பாதி ஆள்கூட இல்லை. பக்கத்து வீட்டில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொடுக்கும் ஒரு அம்மா, கல்லூரி நாள்களில் காலை 8.15 முதல் 1.45 வரை மாதம் 1,500 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். இதை உதவியாகக் கேட்காமல் கூலியாகப் பேசியது நல்ல முடிவு. உதவி என்றால் இரண்டாம் வாரம் கேட்கவே கூச்சம் வரும். கூலி என்றால் விடுப்பு நாளைக்கூட முன்கூட்டிச் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் கத்தரிக்கோலும் துணிக்கட்டும் கிடக்கும் என்பதால், குழந்தை இருக்கும் நேரத்தில் கட்டு பிரிப்பதில்லை என்றும் பேசிக்கொண்டார்கள்.

வேலையிடத்தில் மாணவியே பேசினார், வழிகாட்டி பேசவில்லை. வெளியார் வந்து பேசினால் முதலாளிக்குப் புகார் போலத் தோன்றும். செவ்வாய், வியாழன், சனி 2.30 முதல் 8 வரை யூனிட்டில் இருப்பது, டயாலிசிஸ் நாள்களில் சலான் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் சரிபார்த்து மறுநாள் தருவது என்று அவரே எழுதிக் கொடுத்தார். சம்பளம் 6,000 ஆகக் குறைந்தது.

பணக்கணக்கும் அன்றே போடப்பட்டது. சம்பளத்தில் 1,500, பக்கத்து வீட்டுக்கு 1,500, ஆக 3,000 ரூபாய் இழப்பு. ஆட்டோவுக்குப் போக வர 300 வீதம் மாதம் 13 நாளுக்கு 3,900 ஆகிக்கொண்டிருந்தது, பாதியானதில் 1,950 மிச்சம். நிகரமாக மாதம் 1,050 ரூபாய் துண்டு விழும். கணவர் கட்டிவந்த சீட்டு டிசம்பரில் முடிவதால் அதுவரை சமாளிக்கலாம் என்று குடும்பம் முடிவு செய்தது. இந்தத் தொகையை மறைக்காமல் எழுதுவது அவசியம். படிப்பைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் இலவசமாக வருவதில்லை, யார் தலையில் விழுகிறது என்று முன்பே தெரிந்தால்தான் இரண்டாம் மாதம் திட்டம் உடையாது.

கடைசியாக அட்டெண்டன்ஸ். டாக்டரிடம் சொல்லி மாணவி பெயரில் ஒரு மருத்துவச் சான்று வாங்கிவிடலாம் என்று வகுப்புத் தோழிகள் சொல்லியிருந்தார்கள். பரவலாக நடப்பதுதான். ஒருங்கிணைப்பாளர் அதை ஏற்கவில்லை. பொய்ச் சான்று பிடிபட்டால் போவது மாணவியின் மூன்று ஆண்டு. 2021 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அனுப்பிய கடிதம் இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்பும் அட்டெண்டன்ஸ் தளர்வும் தர விதிமுறை வகுக்கச் சொல்கிறது. இந்த மாணவி குழந்தை பிறந்த பின் சேர்ந்தவர், அதனால் அது பொருந்தவில்லை. நோயாளியைக் கவனிப்பதற்கென்று தனி விதி இல்லை. எனவே மாமியாரின் டயாலிசிஸ் அட்டை நகலை இணைத்து, உள்ளதை உள்ளபடி எழுதி முதல்வருக்கு விண்ணப்பித்தார்கள். 75க்கு ஏங்காமல், 65க்கு மேல் போய் கண்டொனேஷன் வாங்குவது என்று இலக்கு வைத்தார்கள்.

வழிகாட்டல் மாறிய விதம்

இதற்குப் பிறகுதான் உண்மையான தொழில் வழிகாட்டல் தொடங்கியது. வாரச் சந்திப்பு நிறுத்தப்பட்டது. கணக்கு வேலைக்கு ஒரு மாதச் சுழற்சி உண்டு: 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 14 அன்று 2பி அறிக்கை (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வரும், 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). அந்த நாள்களில் வழிகாட்டியால் நிதானமாகப் பேச முடியாது. எனவே 20க்குப் பின் வரும் ஞாயிறு காலை, மாணவியின் வீட்டுக்கு அருகே, குழந்தை உடனிருக்க மாதம் ஒரு சந்திப்பு. மற்றபடி வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடத்துக்கு மிகாத குரல் செய்தி. பதில் எப்போது வந்தாலும் சரி.

வாராவாரம் ஒரு பில் கட்டு போகும். அதில் பத்து கொள்முதல் பில், 40 நிமிட வேலை. நாற்பது நிமிடம் என்பது குழந்தை ஒரு முறை தூங்கி எழும் நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்று வைத்த அளவு. ஒவ்வொரு பில்லும் தனியாக முடியும்படி இருக்கும், நடுவில் எழுந்து போனாலும் செய்தது கெடாது. நிறுவனத்தின் அனுமதியோடு, பழைய ஆண்டு பில்களில் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணின் நடு எழுத்துகளையும் மறைத்து நகலெடுத்தார்கள். முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 33 என்றால் தமிழ்நாடு, வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு) என்று இரண்டாகப் பிரியும். 29 என்றால் கர்நாடகா, மாநிலம் விட்டு மாநிலம் வருவதால் ஐஜிஎஸ்டி ஒன்றே. முதல் கட்டில் மாணவி செய்த நான்கு பிழைகளில் இரண்டு இங்கேதான். பெங்களூரு நூல் வியாபாரியின் பில்லில் 5 சதவீதத்தை இரண்டரை இரண்டரையாகப் பிரித்திருந்தார்.

கணினி கல்லூரி ஆய்வகத்தில் மட்டும்தான். அங்கே டேலி என்ற கணக்கு மென்பொருள், பழகுபவர்களுக்கான எஜுகேஷனல் முறையில் ஓடியது. அதில் மாதத்தின் 1, 2 போன்ற ஒருசில தேதிகளில் மட்டுமே வவுச்சர் (கணக்குப் பதிவு) போட முடியும். தெரியாமல் 17ஆம் தேதி பில்லைப் போட்டால் ஏற்காது, புதிதாகப் பழகுபவர் தன் தவறென்று நினைத்து விட்டுவிடுவார். அதனால் கட்டில் உள்ள பில்களின் தேதிகளையெல்லாம் 1, 2 என்று மாற்றி அனுப்பினார் வழிகாட்டி. சின்ன வேலைதான், ஆனால் இலவச ஆய்வக மணியில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை.

மூன்றாம் மாதம் முதல் 2பி ஒப்பீடு. கொள்முதல் பதிவேட்டையும் 2பியையும் பக்கத்தில் வைத்து, பொருந்தாதவற்றை மூன்றாகப் பிரிப்பது: சப்ளையர் இன்னும் ஏற்றாதது, நம்மிடம் பில் வராதது, எண்ணோ தொகையோ மாறியது. கடைசி வகையில்தான் ஆள்கள் திணறுவார்கள். பில்லில் 045/24-25 என்றிருக்கும், சப்ளையர் 45 என்று ஏற்றியிருப்பார். தொகை ஒன்றே, பார்வைக்கு வேறு பில். முதலில் வரியில்லாத் தொகையை வைத்து வரிசைப்படுத்து, எண்ணைப் பிறகு பார் என்று வழிகாட்டி சொல்லிக்கொடுத்தார். "எண்ணைத் தேடிட்டு உக்காராத கண்ணு, ரூபாயைப் பாரு" என்பது ஒரு குரல் செய்தி.

நிறுத்தி வைக்கவும் ஒரு விதி இருந்தது. வீட்டில் அவசரம் என்றால் மாணவி "நிறுத்தம்" என்ற ஒரு சொல்லை மட்டும் அனுப்பினால் போதும், விளக்கம் வேண்டாம். பத்தாம் நாள் வழிகாட்டி தானே ஒரு செய்தி அனுப்புவார். மன்னிப்புக் கேட்கும் கூச்சத்தில் திரும்பி வராமலே போவதை இது தடுக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

நடந்தவை

மூன்றாம் செமஸ்டரின் பின்பாதியில் மாணவி 35 நாள் வந்தார். மொத்தம் 62, கிட்டத்தட்ட 69 சதவீதம். கண்டொனேஷன் கிடைத்தது, எல்லாத் தாளையும் எழுதினார். வணிகப் புள்ளியியலில் அரியர் விழுந்தது. இன்டர்னல் தேர்வு ஒன்றைத் தவறவிட்டிருந்தார், அந்தப் பாடத்தின் முன்பாதி வகுப்புகளும் கணிசமாகப் போயிருந்தன. வெளித்தேர்வில் 75க்கு 30 எடுக்க வேண்டும், 26 வந்தது.

ஜனவரியில் குழந்தை அங்கன்வாடிக்குப் போனது. முதல் மூன்று வாரம் அழுகை. பக்கத்து வீட்டு அம்மாவை உடனே நிறுத்தாமல் அந்த மாதமும் பாதிக் கூலிக்கு வைத்திருந்தார்கள்.

பிப்ரவரியில் மாமியாரின் ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது. கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டு ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். "நிறுத்தம்" போனது. பத்தாம் நாள் வழிகாட்டியின் செய்தி வந்தது, பதின்மூன்றாம் நாள் மாணவி அடுத்த கட்டைக் கேட்டார். அந்த நாள்களில் நாத்தனார் இரவில் தங்கினார், கணவர் இரண்டு லோடை விட்டார். நான்காம் செமஸ்டர் அட்டெண்டன்ஸ் 90க்கு 73, 81 சதவீதம். ஏப்ரல் தேர்வில் அரியரும் முடிந்தது.

ஏப்ரல் வாக்கில் 60 பில்லுக்கான 2பி ஒப்பீட்டைத் தனியாக முடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். வழிகாட்டியின் நிறுவனத்திலேயே ஓர் இடம் இருந்தது. அங்கே பரிந்துரைப்பதில்லை என்று துறை முடிவெடுத்தது. வழிகாட்டியே மேலதிகாரியானால், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்ல மாணவிக்கு இனி ஒரு ஆள் இல்லாமல் போகும். மே மாதம் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் மாதம் 8,500 ரூபாய்க்குச் சேர்ந்தார். மதியம் 2 முதல் 6.30 வரை. 9 முதல் 20ஆம் தேதி வரை வேலை நெருக்கும். டயாலிசிஸ் நாள்களில் 5 மணிக்குக் கிளம்புவது என்று சேரும்போதே பேசிக்கொண்டார். நேர்காணலுக்கு அவர் கொண்டுபோனது மதிப்பெண் பட்டியலும், தான் முடித்த ஒப்பீட்டுத் தாள் ஒன்றும்.

நிறைவேறாதவையும் உண்டு. நான் முதல்வன் என்ற அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஒரு பயிற்சிக்கு நேரம் இடித்ததால் சேர முடியவில்லை. தூக்கம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை, அதற்கு இந்த ஏற்பாட்டில் எந்தத் தீர்வும் இல்லை. அந்தப் பக்கத்துத் தெரு நோயாளி வேறு ஷிப்டுக்கு மாறினால் திரும்பும் பயணத்துக்கு மாற்று ஆள் இன்னும் இல்லை.

அடுத்த ஆண்டு மாற்றுபவை

சேர்க்கைப் படிவத்தில் குழந்தை, நோயாளி, வேலை மூன்றும் ஒரே பக்கத்துக்கு வருகின்றன. மணிக்கட்டத் தாளை முதல் சந்திப்பிலேயே நிரப்ப வேண்டும். "யார் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று மட்டும் கேட்காமல், "அவருக்கு முடியாதபோது யார்" என்றும் கேட்க வேண்டும்.

அட்டெண்டன்ஸ் கணக்கை நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் போட்டு, "இன்னும் எத்தனை நாள் விடலாம்" என்ற எண்ணாக மாணவரிடம் சொல்ல வேண்டும். சதவீதம் யாருக்கும் உறைப்பதில்லை, "இனி நான்கு நாள்தான்" என்றால் உறைக்கும். இந்த நிகழ்வில் நான்காம் வாரமே பார்த்திருந்தால் 75ஐயே தொட்டிருக்கலாம், புள்ளியியல் இன்டர்னலும் தப்பியிருக்கும்.

இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டவருக்கு மறுதேர்வு கேட்கும் விண்ணப்பம் அதே வாரத்தில் போக வேண்டும். மாதம் கழித்துக் கேட்டால் மதிப்பெண் ஏற்றி முடிந்திருக்கும்.

வழிகாட்டிகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாராகியுள்ளது. மூன்று சந்திப்பு தவறினால் ஆர்வமின்மை என்று எழுதுவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரை அழைக்க வேண்டும் என்பது அதன் முதல் வரி. பில் கட்டுகளை ஒரே வழிகாட்டி ஒவ்வொரு வாரமும் தயாரிப்பது சுமையாக இருந்ததால், பத்துப் பத்தாகப் பிரித்த 30 கட்டுகளைத் துறை கோடையிலேயே நகலெடுத்து, தேதி மாற்றி, எண்ணிட்டு அலமாரியில் வைத்திருக்கிறது. யாருக்கு எந்த எண் போனது என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு எடுத்துச் செல்லலாம்.